ஜப்பானில் அந்நியரிடம் சுவிசேஷம் சொல்ல: குறுகிய கால மிஷன் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஜப்பானுக்கு மிஷன் பயணம் போகும் தமிழ்ச் சபைக் குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர், யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது என்பது கணக்கு. ஊரில் கிராம ஊழியம் செய்து நன்றாகப் பழகியவர்கள்தான் அங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். கூட்டம் கூடும், கேள்வி கேட்பார்கள், சிலர் சண்டைக்கும் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறார்கள். ஜப்பானில் யாரும் நிற்பதில்லை. எதிர்த்துப் பேசுவதும் இல்லை.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். நீங்கள் விமானம் ஏறிய பிறகும், நீங்கள் பேசிய அந்நியருக்கு உள்ளூர் சபையில் ஒரு ஆளையாவது பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் படியும் அதற்காகத்தான்.

1. முதலில் சபை, பிறகு டிக்கெட்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே உங்களை ஏற்கும் ஜப்பானியச் சபையோடு பேசி முடிக்க வேண்டும். பல குழுக்கள் சலுகை விலையில் டிக்கெட் எடுத்துவிட்டு, அந்தத் தேதிக்கு ஒத்துவரும் சபையைத் தேடுகின்றன. கடைசியில் "வாருங்கள்" என்று மரியாதைக்குச் சொன்ன ஒரு சபைக்குப் போய்ச் சேர்கிறார்கள். அந்தச் சபையில் அந்த வாரம் ஒருவருக்கும் விடுமுறை இருக்காது.

போதகரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். இந்த மாதங்களில் சபை ஏற்கெனவே என்ன நிகழ்ச்சி நடத்துகிறது? மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள், எந்த மொழியிலிருந்து? வருகிறவர்களைப் பிறகு யார் சந்திப்பார்கள்? எத்தனை பேர் வந்தால் உங்களுக்குச் சுமை இல்லாமல் இருக்கும்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் எண்ணிலிருந்து ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது அங்கே வழக்கமில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முப்பது நாற்பது பேர் வரும் சிறிய சபைகளே அதிகம். இருபது பேர் போய் இறங்கினால் சபையே உங்களுக்குச் சமைத்துப் போடும் வேலையில் மாட்டிக்கொள்ளும்.

2. விசாவில் நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள்

இந்திய, இலங்கை கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகிய காலத் தங்கல் விசா வேண்டும். அது அதிகபட்சம் 90 நாள். சம்பளம் தரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. சிங்கப்பூர்க்காரர்களுக்கும், மின்னணுக் கடவுச்சீட்டு உள்ள மலேசியர்களுக்கும் குறுகிய காலத்துக்கு விசா தேவையில்லை. வருடக்கணக்கில் ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கு 'மதச் செயல்பாடுகள்' என்று தனி வகை இருக்கிறது. அது வேறு பாதை.

அழைக்கும் சபையிடமிருந்து அழைப்புக் காரணக் கடிதமும், நாள்வாரியான தங்கல் அட்டவணையும் வாங்கி இணையுங்கள். உங்கள் திட்டம் அந்த விசாவுக்குள் அடங்குமா என்பதைத் தூதரகத்திடமோ விசா மையத்திடமோ விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள். 'சுற்றுலா' என்று எழுதிவிட்டுப் பையில் சபை நிகழ்ச்சி அட்டவணையோடு போனால், குடியேற்ற அதிகாரியின் முதல் கேள்விக்கே குழுவில் இருவர் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். சபை காணிக்கைக் கவரை நீட்டினாலும் வாங்க வேண்டாம்.

3. தேதி தேர்வு

நம் பள்ளி விடுமுறைக்கு ஏற்பத் தேதி வைப்பது பெரிய தவறு. ஏப்ரல் 29 முதல் மே 5 வரையுள்ள கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறையில் ஊரே வெளியூர் போயிருக்கும். ஆகஸ்ட் நடுவில் ஓபோன். குடும்பமாகச் சொந்த ஊர் போய் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யும் நாட்கள் அவை. அப்போது கையில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது அவர்கள் குடும்பத்துக்கு எதிராகப் பேசுவதுபோல் ஆகிவிடும். ஜனவரி முதல் மூன்று நாளும் அப்படியே. டோக்கியோ பக்கம் ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழை.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து 24ஆம் தேதி வரைதான் சிறந்த காலம். கிறிஸ்துமஸ் அங்கே அரசு விடுமுறை இல்லை. ஆனால் கேக்கும் பொரித்த கோழியும் வாங்கிக் கொண்டாடும் நாளாக எல்லோருக்கும் தெரியும். சபைக்கு ஒருநாளும் வராதவர்கூட 24ஆம் தேதி மாலை மெழுகுவர்த்தி ஆராதனைக்கு அழைத்தால் வந்து பார்ப்பார். அதை நோக்கி மற்ற நாட்களை அடுக்குங்கள்.

4. கையில் கொண்டுபோக வேண்டியவை

கைப்பிரதி: ஜப்பானியர் எழுதி, ஜப்பானில் அச்சிட்டதையே வாங்குங்கள். தமிழ்க் கைப்பிரதியைக் கைப்பேசிச் செயலியில் மொழிபெயர்த்து அச்சடித்து மூட்டையாகக் கொண்டுபோவது வீண். முதல் வரியிலேயே வெளியாள் எழுதியது என்று தெரிந்துவிடும். பின்பக்கத்தில் சபையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், போதகர் பெயர், ஆராதனை நேரம் ஐந்தும் இருக்க வேண்டும். முகவரி இல்லாத மதத் துண்டுப்பிரசுரம் அங்கே நேரே குப்பைத்தொட்டிக்குப் போகும்.

ஏன் இவ்வளவு சந்தேகம் என்று புரிந்துகொள்வது அவசியம். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வைத்தது ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டபோது, சுட்டவரின் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற, தென் கொரியாவில் தொடங்கிய மத அமைப்புக்குக் கொடுத்த பெரும் நன்கொடைகள் நாடு முழுக்கப் பேச்சானது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. தெருவில் மதத்தைப் பற்றிப் பேச ஓர் அந்நியர் நெருங்கினால் எந்த ஜப்பானியருக்கும் இதுதான் முதலில் நினைவுக்கு வரும். யூனிஃபிகேஷன் சர்ச், யெகோவாவின் சாட்சிகள், மோர்மன் சபை ஆகியவற்றோடு தொடர்பில்லை என்று பல சபைகள் தங்கள் அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும். உங்கள் கைப்பிரதியிலும் அந்த வரி வேண்டுமா என்று போதகரைக் கேளுங்கள்.

டிஷ்யூ பாக்கெட்: சிறிய டிஷ்யூ பாக்கெட்டில் விளம்பர அட்டை செருகித் தெருவில் கொடுப்பது ஜப்பானில் பழகிய வழக்கம். வெறும் தாளை வாங்காத கை இதை வாங்கும். உள்ளே சபையின் கிறிஸ்துமஸ் அழைப்பு மட்டும் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஜோடிக்கு நூறு பாக்கெட் கணக்கு வையுங்கள், மீதியாகும், பரவாயில்லை.

வேதாகமம்: ஷின்காய்யாகு 2017, 1987இல் வந்த ஷின்க்யோதோயாகு, 2018இல் வந்த செய்ஷோ க்யோகாய் க்யோதோயாகு என்று சபைக்குச் சபை பதிப்பு மாறும். அந்தச் சபையில் எது வாசிக்கிறார்களோ அதன் புதிய ஏற்பாடு பத்துப் பிரதி போதும். வழியில் போகிறவருக்கெல்லாம் கொடுப்பதற்கல்ல, கேட்டவருக்கு மட்டும்.

5. சாட்சியை வெட்டிச் சுருக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. குழுக்கள் விமானத்தில் வைத்துச் செய்வதும் இதைத்தான்.

சாட்சி மூன்று நிமிடம். மொழிபெயர்ப்போடு ஆறேழு நிமிடமாகும். அதற்கு மேல் கேட்பவர் சிரித்த முகத்தோடு கடிகாரம் பார்ப்பார். தமிழில் இருநூறு வார்த்தைக்குள் எழுதி, ஒரு மாதம் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கே போய் எழுதியதிலிருந்து விலகக் கூடாது. வாக்கியத்தை முழுசாக முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால், ஆமா இல்லையா என்று தெரியாமல் அவர் காத்திருக்க வேண்டிவரும். ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான்.

நம் சபைகளில் சாட்சி பெரும்பாலும் வியாதி சுகமானது, பில்லிசூனியம் விலகியது, கடன் அடைந்தது என்று போகும். உண்மையாகவே நடந்திருந்தாலும் முதல் சந்திப்பில் சொல்லாதீர்கள். 'உன் கஷ்டத்துக்குக் காரணம் ஆவிகள், இதைச் செய்தால் தீரும்' என்று பயமுறுத்திப் பொருள் விற்றுப் பணம் பறித்த குழுக்களைப் பற்றி அவர்கள் பல வருடம் செய்தியில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் சாட்சியும் அதே வரிசையில் போய் உட்காரும்.

'நான் பெரிய பாவியாக இருந்தேன், இரத்தத்தால் கழுவப்பட்டேன்' என்ற வாக்கியத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றுவிடுவார். கேட்பவர் காதில் நீங்கள் சிறையிலிருந்து வந்தவர். பாவத்துக்கும் சட்டக் குற்றத்துக்கும் அங்கே ஒரே சொல்தான். அதற்குப் பதிலாக நடந்ததைச் சொல்லுங்கள். மாதிரிக்கு: "அப்பா இறந்த பிறகு தம்பியோடு ஒரு வருடம் பேசவில்லை. வீட்டுப் பத்திரத்தில் தகராறு. தப்பு என்மேல் என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியவில்லை. இயேசு தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களை மன்னித்ததை வாசித்த இரவு, தம்பிக்குப் போன் செய்தேன்." இதை எந்த நாட்டுக்காரரும் புரிந்துகொள்வார். மன்னிப்பு என்றால் என்ன என்ற கேள்வி அவரிடமிருந்தே வரும்.

6. எங்கே நிற்கலாம்

- ரயில் நிலைய வளாகம்: நிலையத்தின் அனுமதியின்றி எதையும் விநியோகிக்க ரயில்வே தொழில் சட்டம் 35ஆம் பிரிவு தடை விதிக்கிறது. டிக்கெட் வாயிலுக்கு வெளியே உள்ள முற்றமும் பல இடங்களில் நிலையத்துக்குச் சொந்தமானதே.
- பொதுத் தெரு: சாலைப் போக்குவரத்துச் சட்டம் 77ஆம் பிரிவின்படி பல இடங்களில் காவல் நிலையத்தில் சாலைப் பயன்பாட்டு அனுமதி எடுக்க வேண்டும். சபையின் பெயரில், சபை ஆளே விண்ணப்பிக்கட்டும்.
- அடுக்குமாடி: உள்ளே நுழையவே வேண்டாம். கட்சித் துண்டுப்பிரசுரத்தை வீட்டுக் கதவுகளில் போட்ட ஒருவருக்கு விதித்த 50,000 யென் அபராதத்தை 2009இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. தபால் பெட்டியில் 'விளம்பரத் தாள் வேண்டாம்' என்ற ஒட்டி இருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போங்கள்.
- பல்கலைக்கழகம்: ஏப்ரலில் புது மாணவர்களுக்கு மதக் குழுக்களைப் பற்றி நிர்வாகமே எச்சரிக்கை கொடுக்கும். அழைப்பில்லாமல் உள்ளே போகக் கூடாது.

சபை வாசலும், முன் அனுமதி வாங்கிய கடைத்தெருவும் மிச்சம். அதுவே போதும். மெகாபோன், டிரம் செட், தெருப்பிரசங்கம் எல்லாம் ஊரோடு இருக்கட்டும்.

7. முதல் அரை நிமிடம்

இருவர் இருவராக நில்லுங்கள். ஒரு ஜோடிக்கு உள்ளூர் விசுவாசி ஒருவர். நடைபாதையின் ஓரத்தில், வருகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்படி நிற்க வேண்டும். திடீரென்று பக்கத்திலிருந்து நீளும் கையைப் பார்த்து ஒதுங்குவார்கள்.

பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, எழுத்து அவர் பக்கம் நேராக இருக்கும்படி, இடுப்புயரத்தில் நீட்டித் தலையைச் சற்றே தாழ்த்துங்கள். சொல்ல வேண்டியது: "கொன்னிச்சிவா. சோகோ நோ க்யோகாய் நோ மோனோ தெஸ். குரிஸுமஸு நோ கோஅன்னாய் தெஸ். தோஸோ." வணக்கம், அதோ அந்தச் சபையைச் சேர்ந்தவர், கிறிஸ்துமஸ் அழைப்பு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முதல் மூச்சிலேயே யார் என்று சொல்லிவிடுவதுதான் இதில் முக்கியம். யார் என்று மறைத்துப் பேச்சை ஆரம்பிப்பது கள்ளக் குழுக்களின் வழக்கம்.

முகத்துக்கு முன்னால் கையை அசைத்தாலும், "தைஜோபு தெஸ்" அல்லது "கெக்கோ தெஸ்" என்றாலும் வேண்டாம் என்றுதான் பொருள். வெறும் "சுமிமாசென்" என்று தலை தாழ்த்திப் போனாலும் அதேதான். கூடவே நான்கு அடி நடந்து இன்னொரு முறை கேட்பது நம் ஊரில் ஆர்வம், அங்கே பின்தொடர்தல்.

பெண்களிடம் பெண்களே பேசட்டும். தனியாக வரும் சிறுவர் சிறுமியரிடம் பேசவே கூடாது. மதம் சார்ந்த சிறார் துன்புறுத்தல் பற்றி 2022 டிசம்பரில் சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு பள்ளிகளும் பெற்றோரும் கூடுதல் கவனமாக இருக்கிறார்கள். சிறுவர் நிகழ்ச்சி என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதம் முதலில்.

8. உட்கார்ந்து பேச ஒரு இடம்

தெருவில் அழைப்பு மட்டுமே கொடுக்க முடியும். பேச்சு மேசையில்தான் நடக்கும். ஆங்கில உரையாடல் வகுப்பைப் பல சபைகள் நடத்துகின்றன. தமிழ்க் குழுவுக்குக் கைவந்தது சமையல் வகுப்பு.

பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம். ஆளுக்கு 1,000 யென் கட்டணம் வையுங்கள். இலவசம் என்றால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயப்படுவார்கள். அழைப்பிதழில் 'முடிவில் பத்து நிமிட வேதாகமப் பேச்சு உண்டு' என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் சாப்பாடு போட்டுவிட்டுப் பிரசங்கம் செய்தால், அடுத்த வாரம் சபையின் பெயர்தான் அந்தத் தெருவில் கெடும்.

தோசை வேண்டாம். டிசம்பரில் இரவு ஹீட்டர் அணைத்த சபைச் சமையலறையில் மாவு புளிக்கவே புளிக்காது; காலையில் ஆட்டின மாதிரியே இருக்கும். சப்பாத்தி, பருப்பு, மிளகாய் குறைத்த கோழிக் குழம்பு போதும். சப்பாத்தி உருட்டுவதில் எல்லோருக்கும் கை வேலை இருக்கும், பேச்சும் தானாக வரும். மசாலாப் பொடி சீல் பிரிக்காமல் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையைச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்; இறைச்சி கலந்த எதுவும் அப்படியே. டோக்கியோ என்றால் நிஷிகசாயில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. முந்திரி, வேர்க்கடலை, பால், கோதுமை ஒவ்வாமை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

நான்கு மணிக்கு முடியும் என்றால் நான்கு மணிக்கு முடியுங்கள். ஆவியானவர் நடத்துகிறார் என்று நாலே கால் வரை நீட்டினால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

9. பேச்சில் எங்கே தொடங்குவது

'இன்று இரவு இறந்தால் எங்கே போவீர்கள்?' என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். புத்தாண்டுக்கு ஷின்தோ (ஜப்பானின் பாரம்பரிய மதம்) ஆலயம், கல்யாணத்துக்குச் சிலுவை வைத்த மண்டபம், சாவுக்கு பௌத்தச் சடங்கு என்று வாழ்கிறவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை. 'புத்தாண்டுக்கு ஆலயத்துக்குப் போனால் என்ன வேண்டிக்கொள்வீர்கள்?' என்று கேளுங்கள். குடும்ப சுகம், பிள்ளையின் தேர்வு என்று சொல்வார். அங்கிருந்து, நாம் யாரிடம் வேண்டுகிறோம் என்பதற்குப் போகலாம்.

வரிசை இது: எல்லாவற்றையும் படைத்த ஒரே தேவன் இருக்கிறார், அவர் உங்களை அறிவார், அவரோடு உள்ள உறவை நாம் முறித்துக்கொண்டோம், அதைச் சரிசெய்ய இயேசு வந்தார். ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கப் பழகியவர்கள், பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசிய அப்போஸ்தலர் 17ஐப் பலமுறை வாசித்துவிட்டுப் போங்கள். தேவன் என்றதும் பல தெய்வங்களில் ஒன்றை நினைப்பவரிடம், படைப்பைச் சொல்லாமல் சிலுவையைச் சொன்னால் அது யாரோ ஒருவரின் துயரக் கதையாகவே நிற்கும்.

இறந்தவர்களை நினைவுகூர வீட்டில் வைத்திருக்கும் புத்த மாடத்தைப் பற்றிக் கேலியோ கண்டனமோ கூடாது. அதில் இருப்பது அவருடைய அம்மாவின் படம்.

"அப்படியானால் என் தாத்தா பாட்டி நரகத்திலா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீதியாய் நியாயந்தீர்க்கிறவர் கையில் அவர்கள் இருக்கிறார்கள் என்று ஆதியாகமம் 18:25ஐக் காட்டி, பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையும் வேதத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். ஜப்பானியச் சபைகளில் இறந்தவர்களுக்கான நினைவுக்கூடுகை நடப்பதுண்டு. மேற்கொண்டு போதகர் பேசட்டும்.

10. தலையசைப்பை எண்ணாதீர்கள்

நீங்கள் பேசும்போது அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹை, ஹை" (ஆம், ஆம்) என்று தலையசைப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான மரியாதை அது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கூடவே ஜெபம் சொல்ல வைத்து, 'பதினைந்து ஆத்துமாக்கள்' என்று வாட்ஸ்ஆப்பில் ஊருக்கு அனுப்புவது குழுக்கள் செய்வதிலேயே மோசமான தவறு. விருந்தாளியின் மனம் நோகக் கூடாதென்று அவர் ஜெபத்தைத் திருப்பிச் சொல்லியிருப்பார். பிறகு வெட்கத்தில் அந்தச் சபைப் பக்கமே வரமாட்டார்.

அங்கே ஞானஸ்நானம் பெரும்பாலும் பல மாத வேதபாடத்துக்குப் பிறகு. ஆகையால் சிறிய அடுத்த படியை மட்டும் கேளுங்கள்: 24ஆம் தேதி மாலை வருகிறீர்களா? மாற்கு சுவிசேஷத்தை இவரோடு வாசித்துப் பார்க்கிறீர்களா? 'இவர்' என்பது பக்கத்தில் நிற்கும் உள்ளூர் விசுவாசி.

11. ஒப்படைத்தல்

லைன் (அங்கே வாட்ஸ்ஆப் போலப் பயன்படுத்தும் செயலி) தொடர்பை நீங்கள் வாங்காதீர்கள். உள்ளூர் விசுவாசி, ஆணுக்கு ஆண் பெண்ணுக்குப் பெண், அவர் விருப்பப்பட்டால் மட்டும் பரிமாறிக்கொள்ளட்டும். உங்களிடம் தொடர்பு இருந்தால் அவர் உங்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவார்; நீங்கள் கிளம்பியதும் அது அறுந்துபோகும்.

தினமும் இரவு இருபது நிமிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், என்ன பேசினோம், அவர் கேட்ட கேள்வி, அடுத்து யார் சந்திக்கிறார். கடைசி நாள் அந்த நோட்டு போதகரிடம் போக வேண்டும். பிரதி எடுத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். முகம் தெரியும் படத்தை அனுமதியின்றிப் பேஸ்புக்கில் போடுவதும் கூடாது. தான் சபைக்குப் போவது வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் வருகிறவர்கள் உண்டு.

பணம் பற்றி: பயமுறுத்தி நன்கொடை கேட்பதைத் தடுக்கும் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது 'புதிதாக வந்தவர்கள் போட வேண்டியதில்லை' என்று அறிவிக்கச் சொல்லுங்கள்.

12. போலீஸ் வந்தால், வீட்டுக்காரர் கோபப்பட்டால்

உடனே நிறுத்தி, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டு, அனுமதிக் கடிதத்தைக் காட்டிப் போதகருக்குப் போன் செய்யுங்கள். வாதாட வேண்டாம், மதச் சுதந்திரம் ஜப்பான் அரசியலமைப்பின் 20ஆம் பிரிவில் இருப்பதை அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கடவுச்சீட்டு எப்போதும் உடம்போடு இருக்கட்டும். குறுகிய காலம் தங்கும் வெளிநாட்டவர் அதை வைத்திருப்பது சட்டக் கட்டாயம். விடுதியில் பூட்டிவைத்துவிட்டு வந்தவரால் குழு முழுவதும் காவல் சாவடியில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

13. ஊருக்கு வந்த பிறகு

இரண்டு வாரத்துக்குள் போதகருக்கு நன்றிக் கடிதம். செலவுக் கணக்கில் பாக்கி இருந்தால் அதோடு தீர்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, அந்த நோட்டிலிருந்த பெயர்களில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள், நச்சரிக்காதீர்கள். ஒருவர் மாதம் ஒருமுறை வருகிறார் என்று பதில் வந்தால் அது நல்ல பயணம். அடுத்த டிசம்பருக்கு மறுபடி வரட்டுமா என்ற பேச்சைப் போதகர் எடுத்தால் தொடருங்கள். அவர் எடுக்காவிட்டால் நீங்களாகக் கேட்க வேண்டாம்.